வேகம் கூட்டிய கணினி விழிக்க மறுத்தால்: பதறாமல் பார்க்க வேண்டியவை



கடந்த சில மாதங்களாக நம் அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி அறைக்கு ஒரே மாதிரியான கேள்வி அடிக்கடி வருகிறது. "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, இன்னிக்கு சுவிட்ச் போட்டா விசிறி சுத்துது, திரை கறுப்பாவே இருக்கு" என்பார்கள். விசாரித்தால் பாதிப் பேர் வீட்டில், கல்லூரிக்குப் போகும் பையன் ஏதோ வீடியோவைப் பார்த்து கணினியை 'ஓவர்கிளாக்' செய்திருப்பான். அதனால் இந்த இதழில் அதைப் பற்றியே எழுதுகிறோம்.

தெற்குவாசல் பக்கத்தில் ஒரு குடும்பம். தந்தை இரும்புக் கடையில் வேலை பார்க்கிறார். மூத்த மகள் வீட்டிலிருந்தபடியே டேலியில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. தாக்கலுக்குத் தயார் செய்து கொடுக்கிறார். அவருடைய வருமானத்தில்தான் தம்பியின் கல்லூரிக் கட்டணமும் போகிறது. வீட்டில் ஒரே ஒரு கணினி, அதுவும் பழையது வாங்கியது. தம்பி அதில் விளையாட்டு வேகமாக ஓட வேண்டும் என்று ஒரு இரவு பிராஸசரின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் கூட்டி வைத்தான். மறுநாள் காலை அது விழிக்கவில்லை. அத்தா கேட்டதற்கு, "தானா நின்னுருச்சுத்தா" என்று சொல்லிவிட்டான்.

கடைக்குக் கொண்டு போனார்கள். அங்கேயும் "தானாக நின்றது" என்றே சொன்னார்கள். பார்த்தவர், மதர்போர்டு போயிருக்கலாம், மாற்றினால் எட்டாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார். அன்றைக்குத் தேதி 18. மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர். 3பி தாக்கல் செய்யும் கடைகளுக்கு 20-ஆம் தேதி கடைசி. தவறினால், வரி கட்ட வேண்டிய கணக்குக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். பணத்தைவிட, "அந்தப் பிள்ளையிடம் கொடுத்தால் சரியாக முடித்துவிடும்" என்ற பெயர் போய்விடுமே என்பதுதான் அந்த மகளின் கவலை.

அசர் தொழுகைக்குப் பின் கணினியை நம் அறைக்கு எடுத்து வந்தார்கள். பையனைத் தனியாக அழைத்து, "திட்ட மாட்டோம், கடைசியா என்ன மாத்தின?" என்று கேட்டோம். சொல்லிவிட்டான். அதன் பிறகு வேலை இருபது நிமிடம்தான். செலவு, ஐம்பது ரூபாய்க்குள் ஒரு பொத்தான் பேட்டரி. மகள் அன்று இரவே கணக்கை முடித்தார்.

கடைக்காரரை நாங்கள் குறை சொல்லவில்லை. என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்லப்படவே இல்லை. இந்தக் கட்டுரையில் பல வழிமுறைகள் வரும். அவற்றில் முதலாவது, செலவே இல்லாதது, கடைசியாகச் செய்த மாற்றத்தை மறைக்காமல் சொல்வதுதான்.

ஓவர்கிளாக் என்றால் என்ன?

கணினியின் பிராஸசர் ஒரு தாளத்துக்கு ஏற்ப வேலை செய்கிறது. 3.6 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 360 கோடி துடிப்புகள். தயாரிப்பாளர் நிர்ணயித்த துடிப்பைவிட அதிகமாக ஓட வைப்பதே ஓவர்கிளாக். இன்டெல்லில் பெயரின் முடிவில் 'கே' என்ற எழுத்து வரும் பிராஸசர்களிலும், ஏஎம்டி நிறுவனத்தின் பெரும்பாலான டெஸ்க்டாப் ரைசன் பிராஸசர்களிலும், அதற்கேற்ற மதர்போர்டு இருந்தால் இதைச் செய்யலாம். அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் உட்படப் பெரும்பாலான மடிக்கணினிகளில் இந்த வசதி இருக்காது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் மேசைக் கணினிக்கு. மடிக்கணினியை வீட்டில் திறக்க வேண்டாம்.

வேகத்தைக் கூட்டும்போது பிராஸசர் தடுமாறாமல் இருக்க மின்னழுத்தத்தையும் கூட்டுவார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. சூடு, வேகத்தின் அளவுக்கு மட்டும் கூடுவதில்லை. மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. உதாரணமாக, வேகத்தைப் 10 சதவீதம் கூட்டி, மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.35 வோல்ட்டுக்கு ஏற்றினால் சூடு சுமார் 39 சதவீதம் கூடும். 65 வாட் சூட்டை வெளியேற்றிய பிராஸசர் 90 வாட்டை வெளியேற்ற வேண்டி வரும். பத்து ரூபாய் லாபத்துக்கு நாற்பது ரூபாய் செலவு செய்வது போன்ற கணக்கு இது.

ரேமிலும் இது உண்டு. டிடிஆர் 4 ரேம் பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருக்கும். ஆனால் பல ரேம்கள் முதலில் 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடும். பயாஸுக்குள் போய் 'எக்ஸ்.எம்.பி.' என்ற அமைப்பை இயக்கினால்தான் பெட்டியில் உள்ள வேகம் வரும். அதுவும் ஓவர்கிளாக்தான். "நான் ஓவர்கிளாக் பண்ணல, எக்ஸ்.எம்.பி. மட்டும்தான் போட்டேன்" என்று சொல்லும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

திரை ஏன் கறுப்பாகிறது?

சுவிட்சை அழுத்தியதும் விண்டோஸ் நேராக வந்துவிடுவதில்லை. முதலில் மதர்போர்டில் உள்ள பயாஸ் விழித்து, பிராஸசர், ரேம், கிராபிக்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும். எல்லாம் சரி என்றால்தான் ஹார்ட் டிஸ்கைத் தேடிப் போகும். நாம் கூட்டி வைத்த வேகத்தில் பிராஸசரோ ரேமோ தடுமாறினால் இந்தச் சோதனையிலேயே நின்றுவிடும். திரைக்குப் படம் வராது.

அணைத்து மறுபடி போட்டாலும் அதே கதைதான். ஏனென்றால் மாற்றிய அமைப்புகளை மதர்போர்டு நினைவில் வைத்திருக்கிறது. பெரும்பாலான போர்டுகளில் அந்த நினைவைக் காப்பது, ஐம்பது பைசா நாணயம் போன்ற சி.ஆர். 2032 பேட்டரி. ஒவ்வொரு முறையும் அதே தவறான அமைப்போடுதான் அது எழுந்திருக்கப் பார்க்கும். அந்த நினைவை அழித்துவிட்டால் தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்புக்குத் திரும்பிவிடும். கறுப்புத் திரை என்றால் பொருள் எரிந்துவிட்டது என்று உடனே முடிவு செய்யக் கூடாது.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

முதலில் ஓர் எச்சரிக்கை. கருகிய வாடை, புகை, மதர்போர்டில் உப்பிய பாகங்கள் என்று எதைக் கண்டாலும் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். கீழே உள்ளவை அப்படி எதுவும் இல்லாதபோது மட்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எந்தக் காரணத்துக்கும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

ஒன்று: சற்றுக் காத்திருங்கள். பல மதர்போர்டுகள் இரண்டு மூன்று முறை தாமாகவே அணைந்து எழுந்து, முடியாவிட்டால் பழைய அமைப்புக்குத் தாமே திரும்பும். டிடிஆர் 5 ரேம் உள்ள கணினிகளில் இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அவசரப்பட்டுப் பத்து முறை சுவிட்சை அழுத்தாமல் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

இரண்டு: திரையில் ஏதாவது வந்தால் டெலீட் அல்லது எஃப் 2 பொத்தானைத் தட்டிப் பயாஸுக்குள் போங்கள். அங்கே 'லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' என்று இருக்கும். அதைத் தேர்ந்து, எஃப் 10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். பெரும்பாலும் அதோடு வேலை முடிந்துவிடும்.

மூன்று: திரையே வராவிட்டால் பயாஸ் நினைவை அழிக்க வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பிறகு பவர் பொத்தானைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டு, உங்கள் உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பொத்தான் பேட்டரியை எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். கூட்டல் குறி மேலே தெரியும்படி மறுபடி பொருத்துங்கள். மூன்று நான்கு வருடம் ஆன பேட்டரி என்றால் புதிதே போட்டுவிடலாம். சில போர்டுகளில் இதற்கென்றே இரண்டு ஊசிகளோ பின்புறம் ஒரு சிறு பொத்தானோ இருக்கும். அவை எங்கே இருக்கின்றன என்று போர்டின் கையேட்டில் பாருங்கள்.

நான்கு: அப்படியும் வராவிட்டால் ரேமைப் பாருங்கள். இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துப் போடுங்கள். நான்கு பள்ளங்கள் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராஸசர் பக்கமிருந்து இரண்டாவது பள்ளத்தில் வைக்க வேண்டும். வராவிட்டால் அடுத்த ரேமை வைத்துப் பாருங்கள். ரேமின் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துத் துடைப்பதும் உதவும். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

ஐந்து: சிறு விஷயங்களை மறக்காதீர்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் வயர் அதில்தான் செருகியிருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல. பிராஸசருக்குப் பக்கத்தில் போகும் 4 அல்லது 8 ஊசி மின் இணைப்பு, கேபினெட்டைத் திறந்து மூடும்போது தளர்ந்திருக்கலாம். புதிய போர்டுகளின் ஓரத்தில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் எரிகிறதோ அங்கேதான் கோளாறு.

இவ்வளவும் செய்தும் விழிக்காவிட்டால் கடைக்குக் கொண்டு போகலாம். அப்போதும் "இன்னதை மாற்றினோம், இன்னதைச் செய்து பார்த்தோம்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கடைக்காரரின் நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும்.

விழித்த பிறகு வரும் குழப்பங்கள்

நினைவை அழித்ததும் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போகலாம். தேதி தவறாக இருந்தால் வங்கி, ஜி.எஸ்.டி., கல்வி உதவித்தொகை போன்ற இணையதளங்கள் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று சொல்லித் திறக்காது. முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள்.

"பூட் செய்ய டிஸ்க் இல்லை" என்று திரையில் வந்தால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். பழைய கணினிகளில் 'லெகசி' என்றோ 'யு.இ.எஃப்.ஐ.' என்றோ ஓர் அமைப்பு இருக்கும். டிஸ்க் இணைப்புக்கும் 'ஏ.ஹெச்.சி.ஐ.', 'ரெய்டு' என்ற அமைப்புகள் உண்டு. அழித்ததில் அவை மாறியிருக்கும். முன்பு இருந்தது போல வைத்தால் விண்டோஸ் வந்துவிடும். இந்த இடத்தில் அவசரப்பட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் இழந்தவர்கள் உண்டு.

இன்னொரு முக்கியமான செய்தி. சில விண்டோஸ் கணினிகளில் 'பிட்லாக்கர்' என்ற பூட்டு நமக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸை அழித்த பின் அது 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கலாம். பொதுவாக அந்த எண் கணினியில் பதிந்துள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். கணினி நன்றாக ஓடும்போதே அந்த எண்ணைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

விண்டோஸ் வந்தும் அடிக்கடி நீலத்திரை காட்டினால், வேறு எதையும் செய்வதற்கு முன் முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் நகல் எடுங்கள். தடுமாறும் ரேமில் ஓடிய கணினி, எழுதிய கோப்புகளையே பிழையாகச் சேமித்திருக்கலாம். கணக்குக் கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

உண்மையிலேயே கெட்டுப்போவதும் உண்டு

பயமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2023-இல் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் சில பிராஸசர்கள், ரேமின் வேகத்தைக் கூட்டும் அமைப்பை இயக்கியபோது மதர்போர்டு கொடுத்த அதிக மின்னழுத்தத்தால் கருகின. பிறகு அந்தக் குறிப்பிட்ட மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி போர்டுகளின் பயாஸ் திருத்தப்பட்டது. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராஸசர்கள் பல, பயனர் எதையும் மாற்றாமலே தடுமாறின. பிராஸசர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டதே காரணம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது. அந்தப் பிராஸசர்களுக்கு உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பழுதானதை அந்தத் திருத்தம் சரியாக்காது. உங்கள் வீட்டில் அந்தத் தலைமுறைக் கணினி இருந்தால் பயாஸைப் புதுப்பித்துவிட்டீர்களா என்று பாருங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பொதுவாக, ஓவர்கிளாக் செய்ததால் வந்த பழுதுக்கு உத்தரவாதம் பொருந்தாது. அதைச் செய்யும் முன்பே பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

மதுரை வெயிலில்

வெளிநாட்டில் குளிரூட்டிய அறையில் ஒருவர் வீடியோவில் காட்டும் எண்களை நம் வீட்டில் அப்படியே போட முடியாது. காற்றால் குளிரும் பிராஸசர் அறையின் வெப்பத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. கத்திரி வெயிலில் மதுரையில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. மேலே தகரம் போட்ட மாடி அறையில் இன்னும் அதிகம். மார்கழியில் தடுமாறாமல் ஓடிய அமைப்பு சித்திரையில் நின்றுபோகலாம். விசிறியில் தூசி அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். சில வருடம் ஆன கணினிக்குத் தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள். பாதிப் பேருக்கு இதுவே வேகத்தைக் கூட்டிவிடும். சூடேறினால் பிராஸசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால்தான் பழைய கணினி கோடையில் இழுக்கிறது. பயாஸ் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் போர்டே விழிக்காமல் போகலாம். யு.பி.எஸ். இல்லாமல் அந்த வேலையைத் தொட வேண்டாம்.

கடைக்குக் கொடுக்கும்போது

திரை வரவில்லை என்ற கோளாறைப் பார்க்க ஹார்ட் டிஸ்க் தேவையில்லை. குடும்பப் புகைப்படங்கள், ஆதார் நகல்கள், மற்றவர்களின் கடைக் கணக்குகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. முடிந்தால் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். முடியாவிட்டால், "கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பாகம் மாற்றினால் பழையதைத் திரும்பக் கேளுங்கள். உத்தரவாதம் உள்ள பொருளுக்குக் காரணமின்றி மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

தம்பிமார்களே, ஒரு இயந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுவது நல்ல குணம். அந்த ஆசையிலிருந்து தொழில் கற்றுக்கொண்டவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அக்காவின் கணக்கு ஓடும் கணினி சோதனைக்கான இடம் அல்ல. அவரை நம்பி இரண்டு கடைக்காரர்கள் கொடுத்த அமானிதம் அதில் இருக்கிறது. செய்து பார்க்கத்தான் வேண்டும் என்றால் முதலில் நகல் எடுங்கள். பயாஸ் திரையைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், சிறிதளவு மாற்றுங்கள். நின்றுபோனால் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள்.

அத்தாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பையன் பொய் சொன்னது கெட்ட எண்ணத்தால் அல்ல, திட்டுக்குப் பயந்து. அந்த ஒரு பொய்யால் இரண்டு நாள் போனது, எட்டாயிரமும் போயிருக்கும். "என்ன செஞ்ச?" என்று அதட்டாமல், "கடைசியா என்ன மாத்தின?" என்று கேளுங்கள். பதில் வரும். பதில் வந்தால் பெரும்பாலும் கணினியும் வந்துவிடும்.

இதையெல்லாம் தனியாகச் செய்யத் தயக்கம் இருந்தால் கணினியை நம் பயிற்சி அறைக்கு எடுத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம். வரும்போது அதில் கை வைத்த பிள்ளையையும் கூடவே அழைத்து வாருங்கள். அடுத்த முறை இன்னொரு வீட்டுக் கணினியைச் சரிசெய்யப் போவது அவனாகவே இருக்கலாம்.